பெயர் மாறாத வீடு

நான் எழுதிய கணினி நிரலில், ஊரார் வலை கட்டும் முறைச் சுழற்சியைப் பார்த்துக்கொள்கிற பகுதிக்கு ‘நைனா’ என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் நைனா, அதாவது அப்பா, யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லாத ஆள். அந்தப் பகுதியும் அப்படித்தான். பட்டியலை வாங்கிக்கொள்ளும், உள்ளே என்னமோ செய்யும், விடையைத் தூக்கிப் போடும். கேள்வி கேட்டால் பதில் வராது. கைபேசிக் குழுவுக்குச் செய்தி அனுப்புகிற பகுதி எப்போதும் அரை நிமிடம் தாமதிக்கும், அதனால் அதன் பெயர் ‘சின்ன மாமா’. தேதியில் குறை கண்டுபிடிக்கிற பகுதி ‘மாமியார்’. எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, ஆனாலும் வைத்தேன்.

நான் ஒருவனே எழுதி நானே பார்க்கிற நிரல்தானே, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற திமிர் எனக்கு.

எங்கள் குப்பம் கோட்டைக்குப்பத்திலிருந்து நடந்து போகிற தூரம். பழவேற்காடு ஏரியில் வலை கட்டுவதற்கென்று இடங்கள் உண்டு. அந்த இடத்தைப் பாடு என்போம். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இறால் விழாது. அதனால் எந்த நாள் எந்தப் பாடு எந்த வீட்டுக்கு என்று முறை வைத்திருக்கிறோம். ஒரு சுற்றுக்கான பட்டியலை ஏலக்கொட்டகையில் ஊர் கூடியிருக்கும்போது வாசிப்பார்கள். வாசித்தது வாசித்ததுதான், சுற்று முடியும்வரை யாரும் மாற்ற முடியாது. இந்த ஒரு விதி மட்டும் இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்திருப்பார்கள். கோபத்தில் நானும் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

பட்டியல் முதலில் ஒரு நீளமான நோட்டில் இருந்தது. வாசிப்பவர் எனக்குப் பெரியப்பா முறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மழையில் அந்த நோட்டு நனைந்து நடுவில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. யாருக்கு எந்த நாள் என்று ஒரு வாரம் ஓயாத சண்டை. நான் அப்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கற்றதை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற அரிப்பும் இருந்தது. நோட்டை வெயிலில் காயவைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு வீடாகக் கணினியில் ஏற்றினேன்.

அப்படி ஏற்றும்போது நோட்டின் ஒரு வரியில் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அது பக்கத்துத் தெரு அக்காவின் வீட்டுக்காரர் பெயர். அவர் உடம்பு சரியில்லாமல் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அக்காவின் கூடப்பிறந்தவர் வேறு குப்பத்திலிருந்து வந்து அந்த வீட்டு முறைக்கு வலை கட்டிக் கொடுப்பார். முறை போகவில்லை, ஆனால் நோட்டில் யாரும் அக்காவின் பெயரை எழுதவும் இல்லை. பொம்பளை பெயரைப் பாட்டுப் பட்டியலில் எழுதும் வழக்கம் எங்களிடம் கிடையாது. பெரியப்பா வாசிக்கும்போது அடித்த வரியில் விரலை வைத்து ஒரு நொடி நிறுத்தி, “அந்த வூடு” என்பார். கூட்டத்துக்குப் புரியும். அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அடித்த வரியை எப்படி ஏற்றுவது? நான் ரொம்ப யோசிக்கவில்லை. எல்லா வீடுகளையும் ஒரு பட்டியலில் போட்டேன். அக்காவின் வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பகுதி எழுதி, அதற்கு ‘அக்கா’ என்றே பெயர் வைத்தேன். இந்த இடம் வரும்போது ‘அக்கா’வைக் கூப்பிடு என்று ஓரமாக ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் எழுதிவைத்தேன். வேலை நடந்தது; அச்சில் அந்த நாளுக்கு நேரே வெறும் கோடு விழும், பெரியப்பா வழக்கம்போல “அந்த வூடு” என்பார். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. பெரியப்பாவும் நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, நான் அச்செடுத்துத் தருகிற காகிதத்தை வாசிக்கப் பழகிவிட்டார்.

பிறகு பக்கத்துக் குப்பத்துக்காரர்கள், எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கம்பெனி வேலையோடு இரண்டு ஊரை ஒருத்தனால் பார்க்க முடியாது. என்னோடு அதே கம்பெனியில் வேலை செய்கிற தோழி ஒருத்தி உண்டு. திருப்பாலைவனத்துப் பெண், வீட்டில் நெல் விவசாயம். ஆபீஸ் போகிற நாட்களில் பொன்னேரியில் ஒரே ரயிலைப் பிடிப்போம். உதவிக்கு வருகிறாயா என்று கேட்டேன். நிரலை அனுப்பு, பார்க்கிறேன் என்றாள்.

மறுநாள் ரயிலில் உட்கார இடம் கிடைப்பதற்குள்ளாகவே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“யோவ், இன்னாது இது? நைனா மூணு லிஸ்ட்ட வாங்கினு மாமியார்கிட்ட குடுக்குறாரு. மாமியார் சரின்னு சொன்னா சின்ன மாமாவுக்குப் போவுது. ப்ரோக்ராமா இது, கல்யாணப் பத்திரிகையா?”

“எனக்குப் புரியுது இல்ல?”

“உனக்குப் புரியும். நாளைக்கு உனக்கு ஜொரம் வந்தா யாருக்குப் புரியும்? எல்லாத்தையும் ரீநேம் பண்ணு. இல்லாட்டி நான் தொடமாட்டேன்.”

எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. மூன்று வருஷம் ஒற்றை ஆளாக எழுதியதை ஒரு ரயில் பயணத்தில் கேலி செய்கிறாளே என்று அனுப்பம்பட்டு தாண்டும்வரை பேசவில்லை. மீஞ்சூர் வருவதற்குள் அவள் சொல்வது சரி என்று தெரிந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ள பேசின் பிரிட்ஜ்வரை ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நிரலில் ஒரு பெயரை மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, எழுத்தைத் தேடி எழுத்தை மாற்றுவது. அது கண்மூடித்தனமான வேலை. எங்கள் தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்கு ரேஷன் கார்டில் விலாசம் மாற்றச் சொன்னால் நான்கு பேருக்கும் மாற்றி வைக்கிற மாதிரி அது. இன்னொரு வழி, நிரல் எழுத உதவுகிற எடிட்டர் என்ற மென்பொருளிடமே விடுவது. ஒரு பெயரின்மேல் சுட்டியை வைத்து, புதுப் பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெயர் எந்தப் பொருளைக் குறிக்கிறதோ, அந்தப் பொருள் எந்தெந்த ஃபைலில் கூப்பிடப்படுகிறதோ, அத்தனை இடத்திலும் அதுவே மாற்றிவிடும். பெயர் ஒன்றாக இருந்து ஆள் வேறாக இருந்தால் தொடாது.

நைனா போனார். அந்த இடத்தில் ‘முறையைச் சுழற்று’ என்று அர்த்தம் வருகிற ஆங்கிலப் பெயர் வந்து உட்கார்ந்தது. மாமியார் ‘தேதி சரிபார்ப்பு’ ஆனாள். ‘அக்கா’ இருந்த இடத்தில் ‘கூடுதல் வீடு’ என்று வைத்தோம். ஒவ்வொரு தடவையும் எந்தெந்த வரி மாறப்போகிறது என்று எடிட்டர் ஒரு வரிசை காட்டும், சரி என்று அழுத்துவோம், மாறும். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. நிரலை மேலிருந்து கீழாகப் படித்தபோது, அது நான் எழுதியதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு தெளிவு. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பக்கத்துக் குப்பத்துப் பட்டியலைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். அட்டகாசமாக வந்தது. “உங்க ஊரு லிஸ்ட்டையும் போட்டு பழசோட ஒத்துப் பாரு” என்றாள். எனக்கு நல்ல பசி. அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

“எங்க ஊரு லிஸ்ட்டு எனக்குத் தெரியாதா? வா, துன்னலாம்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை புதுச் சுற்றுக்கான பட்டியலை வாசித்தார்கள். அன்றைக்கு நான் ஆபீஸில் இருந்தேன். காலையில் அச்செடுத்து பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, எங்க வூடு இன்னா ஆச்சி?”

“இன்னா ஆச்சின்னா?”

“பேப்பர்ல இல்ல. பெரியப்பாவும் சொல்லல. மூணு பேருகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். இந்தச் சுத்துல சனிக்கெழம முகத்துவாரத்துப் பாடு நம்மளுது. அது உங்க அண்ணனுக்குப் போயிருக்குது.”

வாயில் இருந்த நுரையைத் துப்பவும் தோன்றவில்லை. மழை முடிந்து முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறுகிற நாட்கள் அவை. இறாலுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை, முகத்துவாரத்துப் பாட்டைவிட நல்ல பாடும் இல்லை. தவறவிட்டால் அடுத்த சுற்று வருவதற்குள் காலம் போய்விடும். அப்படிப்பட்ட நாள் அக்காவின் வீட்டிலிருந்து நழுவி, பட்டியலை எழுதியவனின் சொந்த அண்ணன் மடியில் வந்து விழுந்திருந்தது. ஊரில் யார் நம்புவார்கள்?

“நான் வேணும்னு செஞ்சேன்னு நெனைக்கிறியாக்கா?”

“அப்டி நெனைச்சிருந்தா உன் வாசல்ல வந்தா கேப்பேன்? கொட்டாயில நின்னு கேட்டிருப்பேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “என் கூடப்பொறந்தவன் வலய ரெடி பண்ணி வெச்சினு குந்தினுகிறான். இந்த சீசன் போச்சின்னா நான் கூலி வேலைக்குக் கம்பெனி வேன்ல ஏற வேண்டியதுதான் தம்பி. வேன்காரன் ரெண்டு வாட்டி கேட்டுட்டுப் போயிட்டான். எனக்கு ஏரிய உட்டுப் போவ இஷ்டமில்ல” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கணினியைத் திறந்தேன். தோழியைக் கைபேசியில் கூப்பிட்டு, இருவரும் ஒரே நிரலைப் பார்த்தபடி பேசினோம். பத்து நிமிடத்தில் அவள் பிடித்துவிட்டாள். நிரலுக்குள் இருந்த எல்லாப் பெயர்களையும் எடிட்டர் ஒழுங்காக மாற்றியிருந்தது. ஆனால் ஓரமாக இருந்த அந்த செட்டிங்ஸ் ஃபைலில் ‘அக்கா’ என்பது வெறும் எழுத்து. எடிட்டருக்கு அது யாரையும் குறிக்கவில்லை. அதனால் தொடவில்லை. நிரல் ஓடும்போது ‘அக்கா’ என்று கூப்பிட்டது, அப்படி யாரும் உள்ளே இல்லை. கிடைக்காவிட்டால் சத்தம் போடாமல் தாண்டிப் போ என்று நான்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்திருந்தேன். அது தாண்டிப் போனது. பின்னால் இருந்த வீடுகளெல்லாம் ஒரு நாள் முன்னே நகர்ந்தன.

செட்டிங்ஸ் ஃபைலில் அந்தப் பெயரை மாற்றினேன். அக்காவின் வீடு பழைய இடத்தில் வந்துவிட்டது. அரை நிமிட வேலை.

“அத்தோட உட்டுடாத” என்றாள் தோழி. “நாளைக்கு நானே வேற பேரு வெப்பேன், மறுபடி உழுந்துடும். அவங்க ஏன் மத்த வூடுங்களோட லிஸ்ட்ல இல்ல?”

“நோட்டுல இல்ல.”

“நோட்டுல ஏன் இல்ல?”

செட்டிங்ஸ் ஃபைலை மூடிவிட்டு வீடுகளின் பட்டியலைத் திறந்தேன்.

“நீ சேத்து வெச்ச ஒரு வூட்டக்கூட எடிட்டர் உட்டுடல. இவங்கள நீ சேக்கவே இல்லையே. பக்கத்துல எழுதி வெச்சிருந்த, அவ்ளோதான்” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அதனாலேயே அன்று முழுதும் அது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் ஏரியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். தட்டில் கை வைத்தபடி, “எனக்கு ஒரு நாள் முன்னால வந்தப்பவே ஒரு மாதிரியாதான் இருந்துச்சி” என்றான்.

“அப்புறம் ஏன் கேக்கல?”

“மிஷின் குடுத்ததுன்னு உட்டுட்டேன். எனக்கு மட்டுமா? எனக்குப் பின்னால எல்லாருக்குந்தான் முன்னால வந்துச்சி. ஒருத்தன் கேட்டானா?”

எனக்கு வந்த கோபத்தில் அவனோடு வாய்ச்சண்டை போட்டேன். அவனும் விடவில்லை. அம்மா இருவரையும் திட்டினாள். ஆனால் என் கோபத்தில் பாதி அவன்மேல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் ஒரு நாள் கேட்காமல் இருந்தான் என்றால், நான் மூன்று வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் ஏலம் முடிந்ததும் ஊரைக் கூட்டச் சொன்னேன். கொட்டகையின் ஈரத் தரையில் அங்கங்கே குந்தினார்கள். அக்கா வெளியே ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் எழுந்து, தவறு என்னுடையது என்றேன். எப்படி நடந்தது என்பதையும் சொன்னேன். சனிக்கிழமை முகத்துவாரத்துப் பாடு அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

முணுமுணுப்பு கிளம்பியது. “வாசிச்சது வாசிச்சதுதாம்பா. இன்னிக்கு உனக்காக மாத்துனா நாளைக்கு எல்லாரும் வருவான்” என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. இன்னொருவர், மிஷின் செய்த தப்புக்கு ஊர் எப்படிப் பொறுப்பு என்றார்.

“மிஷின் தப்பு பண்ணல” என்றேன். “எழுதி வெச்ச எல்லா வூட்டையும் அது பத்திரமா கொண்டாந்துச்சி. இந்த வூட்ட நாம எழுதவே இல்ல. நோட்டுலயும் எழுதல, நானும் எழுதல. வாயால சொல்லினு இருந்தோம்.”

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“வாசிச்சத மாத்தக் கூடாது. சரி. ஆனா அந்த வூட்ட நான் வாசிக்கவே இல்லியே? காயிதத்துல இல்லன்னு பேசாம போயிட்டேன். அப்ப நான் இன்னும் வாசிச்சி முடிக்கல. அரைகுறையா வாசிச்சதுக்கு எந்த ஊர்ல செல்லுபடி?”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் எங்கள் கூட்டத்தில் பாதிச் சண்டை முடிந்த மாதிரி. அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “சனிக்கெழம என்னுது இல்ல, அவங்களுது. நான் ஞாயித்துக்கெழம போயிக்கிறேன்” என்றான். அவன் விட்ட பிறகு மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவரவர் ஒரு நாள் பின்னால் போக ஒத்துக்கொண்டார்கள்.

“அப்ப யாரு பேர்ல எழுதுறது? அவங்க கூடப்பொறந்தவன் பேர்லயா?” என்று பெரியப்பா கேட்டார்.

“அவன் வேற குப்பம் பெரியப்பா” என்றார் அக்கா, வெளியிலிருந்து. எல்லோரும் திரும்பினார்கள். “வூடு என்னுது. என் பேர்ல எழுதுங்க.”

எதிர்ப்பு வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள், ஒருவர் பீடி பற்றவைத்தார், அவ்வளவுதான். அங்கேயே கணினியை மடியில் வைத்து, தனிப் பகுதியை அழித்துவிட்டு, மற்ற வீடுகளின் நடுவே, அதே மாதிரி ஒரு வரியாக, அக்காவின் பெயரை எழுதினேன். பெரியப்பா பட்டியலை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். அக்காவின் பெயரை மற்ற பெயர்களைப் போலவே வாசித்தார்.

சனிக்கிழமை இறால் கொட்டோ கொட்டென்று கொட்டியது என்று எழுத ஆசைதான். சுமாராகத்தான் விழுந்தது. ஆனால் அடுத்தடுத்த முறைகள் நன்றாக அமைந்தன. வேன்காரன் மூன்றாவது தடவை கேட்டதற்கு, வர முடியாது என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டார். தோழி நிரலில் அதற்குப்பின் எத்தனையோ பெயர்களை மாற்றிவிட்டாள். பெயர் கிடைக்காவிட்டால் பேசாமல் தாண்டிப் போகிற அந்த வரியையும் எடுத்துவிட்டாள். இப்போது ஏதாவது கிடைக்காவிட்டால் நிரல் நின்றுபோய்க் கத்தும்.

இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு மதியம் வீட்டில் வேலையாக இருந்தேன். ஏரிக்கரை ஓரத்தில் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையாலேயே இறால் துழாவிப் பிடிக்கிற ஓர் அம்மா, இடுப்பில் கூடையோடு, புடவை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார். தினமும் நான் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறவர்தான். அவருக்கும் ஒரு காலத்தில் முறை இருந்தது என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் போனபிறகு வலை கட்ட ஆள் இல்லை, யாரும் வாயால்கூடச் சொல்லவில்லை, அப்படியே போய்விட்டது என்றார்.

“இப்ப என் மருமவன் வல கட்ட வரேன்றான். எங்க வூட்டையும் எழுதுவியா தம்பி?”

ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒத்துக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கூட்டத்துக்குப் போகும்போது கையில் எழுதிய காகிதம் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

“உள்ள வந்து குந்தும்மா. பேரு சொல்லு” என்றேன்.

வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்.

“அவரு பேரு இல்லம்மா. உன் பேரு.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளாக யாரும் கேட்காத பெயரை மெதுவாகச் சொன்னார்.